நோட்டில் ஏறாத பாயிண்ட்

“ஷெரின்தான் ஆளை விட்டுட்டா. அவ விட்ட ஆளுதான் பாஸ்கெட் போட்டா. அவளாலதான் கப்பு போச்சு. அவளுக்குப் போய் ஸ்டேட் கேம்ப்பா?”

இதைத்தான் சொன்னாள் அந்தக் கிருபா, நிவ்யாவின் அம்மா. ஒரு எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை. இன்றைக்குக் காலையில், என் வீட்டு ஹாலில், என் சோபாவில் சாய்ந்துகொண்டு, நான் போட்டுக் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே சொன்னாள். சும்மா விடுவேனா? “உன் நிவ்யா அப்ப என்ன பண்ணிக்கிட்டு இருந்தா? முடியை அவுத்து அவுத்துக் கட்டிக்கிட்டு இருந்தா. அவதானே கேப்டன்?” என்று கேட்டேன். டம்ளரை டங்கென்று வைத்தாள். நானும் எழுந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து என் மகள் ஷெரின் ரூமை விட்டு வெளியே வந்து... அதை அப்புறம் சொல்கிறேன்.

பஞ்சவர்ணம், அந்தக் கிரைண்டரைக் கொஞ்சம் நிறுத்தினால் தேவலை. நிறுத்த முடியாதா? சாயங்கால மாவா? சரி, ஓடட்டும். நான் சத்தமாகவே பேசுகிறேன். உள்ளே இருக்கிறவளுக்கும் கேட்கட்டும். அவள் உள்ளேதான் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். வாசலில் கிடக்கிற ஒன்பதாம் நம்பர் ஷூவைப் போடுகிற பெண் இந்தத் தெருவில் வேறு யார் இருக்கிறாள்?

காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினவள். இப்போது மணி நாலரை. ஆறு மணிக்கு மெட்ராஸ் பஸ். நாளைக் காலை எட்டு மணிக்குள் கேம்ப்பில் போய்க் கையெழுத்துப் போடவில்லை என்றால் அவள் இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். கடிதத்திலேயே போட்டிருக்கிறது, தடித்த எழுத்தில். தமிழ்நாடு டீமில் ஒரு தடவை ஆடிவிட்டால் போதும், ரயில்வே, பேங்க் எதிலாவது ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு நாற்காலி உறுதி. பத்து வயசிலிருந்து நான் அவளைக் கிரவுண்டுக்கும் வீட்டுக்கும் ஸ்கூட்டியில் சுமந்தது இந்த ஒரு கடிதத்துக்காக. வந்த கடிதத்தை டேபிளில் போட்டுவிட்டு, உங்க வீட்டில் வந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

நான் கான்வென்ட்டில் பன்னிரண்டு வருஷம் படித்தவள். தப்பு என் பேரில் இருந்தால் முதல் ஆளாக நானே எழுந்து நின்று ஒத்துக்கொள்வேன். சிஸ்டர்கள் எங்களை அப்படித்தான் வளர்த்தார்கள். தப்பு என் பேரில் இல்லை. அதைச் சொல்லிவிட்டு என் மகளைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தேன். நீங்க காளியின் அம்மா. உங்களுக்கு நியாயம் தெரியும் இல்லையா?

நாற்காலி வேண்டாம், இந்த ஸ்டூலே போதும். காபியும் வேண்டாம்.

முதலில், உங்க காளியை டீமை விட்டு எடுத்தது நான் இல்லை. ஊரெல்லாம் ஹெலன் எடுத்தாள், ஹெலன் எடுத்தாள் என்று பேசுகிறார்கள். கோச் யார்? மகாதேவன் சார். லிஸ்ட்டில் கையெழுத்துப் போட்டது யார்? மகாதேவன் சார். நான் ஒரு நோட்டைக் காட்டினேன். அவ்வளவுதான்.

அது ஒன்றுமில்லை, சின்ன நோட்டு. மூன்று வருஷமாகக் கோட்டை கிளப் ஆடின ஒவ்வொரு மேட்சுக்கும் போய் உட்கார்ந்து, யார் யார் எத்தனை பாயிண்ட் போட்டார்கள் என்று எழுதி வைப்பேன். வீட்டில் சும்மா இருக்கிறவள்தானே. நிவ்யா இருபத்தொன்று. ஷெரின் இருபத்து நாலு. மதுரையிலிருந்து வருகிற அக்கா தங்கச்சி இரண்டு பேரும் பதினைந்து, பதினாறு. அதற்குக் கீழே காளீஸ்வரி. இரண்டு. பூஜ்யம். பூஜ்யம். நாலு. பூஜ்யம். நான் இட்டுக்கட்டியா எழுதினேன்? அவள் போட்டால்தானே எழுத முடியும்?

போன மார்ச்சில் சாரை வீட்டுக்குக் கூப்பிட்டு, கட்லெட் செய்து வைத்து, நோட்டைத் திறந்து காட்டினேன். கிருபாவும் இருந்தாள், அன்றைக்கு என் பக்கம்தான் பேசினாள். இப்போது கேட்டால் இல்லை என்பாள். கோயம்புத்தூரிலிருந்து விஷாலினி என்று ஒரு பெண் எங்கள் கிளப்புக்கு வரத் தயாராக இருந்தாள். ஆறடி. மேட்சுக்கு முப்பது பாயிண்ட். அவளும் வந்துவிட்டால் ஐந்து பேரும் நட்சத்திரம். பேப்பரிலேயே போட்டார்களே, ‘நட்சத்திரப் பட்டாளம்’ என்று. இப்படி ஒரு டீம் நம் ஊருக்கு எப்போது கிடைத்தது?

சார் நோட்டை அப்படி இப்படித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மேடம், எதிர் டீமோட பெஸ்ட் பிளேயரை ஒவ்வொரு மேட்ச்லயும் காளிதான் பிடிக்கிறா. அந்தப் பிள்ளை இருபது போடறவ, காளிகிட்ட ஆறுல நின்னுடறா. அந்தப் பதினாலு பாயிண்ட் இந்த நோட்டுல எங்க இருக்கு?” என்றார்.

“போடாத பாயிண்டை எப்படி சார் எழுதறது?” என்றேன்.

நியாயமான கேள்விதானே? அவர் கட்லெட்டைப் பிட்டுத் தட்டிலேயே வைத்தார். அப்புறம், “பெஞ்சுலயாவது இருக்கட்டும் மேடம்” என்றார். அதையும் நான் யோசித்துத்தான் வேண்டாம் என்றேன். பெஞ்சில் இருந்தால் மூன்றாவது நிமிஷம் அவர் இறக்கிவிடுவார். ஒரு பழக்கத்தை விட வேண்டும் என்றால் அதைக் கண்ணில் படாமல் வைக்க வேண்டும். என் வீட்டுக்காரர் சிகரெட்டை விட்டது அப்படித்தான். தப்பாக எடுத்துக்கொள்ளாதீங்க, ஒரு உதாரணத்துக்குச் சொன்னேன்.

இன்னொன்றும் உண்டு. நான் ஒளிவு மறைவில்லாமல் பேசுகிறவள். காளியின் குரல். பெண் பிள்ளைக்கு அவ்வளவு தொண்டை ஆகாது பஞ்சவர்ணம். ஆட்டம் தொடங்கினதிலிருந்து முடிகிற வரைக்கும் பின்னால் நின்று ஒரே கத்தல். “லெஃப்ட்! லெஃப்ட் வர்றா! நிவ்யாக்கா, பின்னாடி ஆள்! ஷெரின், விடாத, விடாத, நான் இருக்கேன்!” சந்தையில் கீரை விற்கிற மாதிரி. வெளியூர் கிளப் மேடம் ஒருத்தர் என்னிடமே கேட்டார், அந்தப் பிள்ளைக்கு ஏதாவது பிரச்சினையா என்று. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எங்கள் பி.டி. சிஸ்டர் சொல்வார், லேடீஸ் விளையாடும்போது பந்துச் சத்தம் மட்டும்தான் கேட்க வேண்டும் என்று.

ஆனால் காளிக்கு நல்ல மேனர்ஸ். அதை நான் மறுக்கவே இல்லை. விஷாலினி வந்ததும் ஐந்தாம் நம்பர் ஜெர்சிதான் வேண்டும் என்றாள். அது காளி போட்டிருந்தது. நான்தான் போன் பண்ணிக் கேட்டேன். மறுநாளே துவைத்து, இஸ்திரி போட்டு, நியூஸ் பேப்பரில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். “குட் கேர்ள்” என்று சொல்லி முதுகில் தட்டிக் கொடுத்தேன். யார் செய்வார்கள் அதை?

காலேஜ் விஷயம் எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. கிளப் லெட்டர் இல்லை என்றால் அவளுடைய ஸ்போர்ட்ஸ் சீட் போய்விடும், ஃபீஸ் கட்டச் சொல்வார்கள், அவள் நின்றுவிட்டு மில்லுக்குப் போக வேண்டியிருக்கும் என்று யாராவது என்னிடம் ஒரு வார்த்தை சொன்னார்களா? சொல்லியிருந்தால் நான் ஏதாவது...

நீங்க சொன்னீங்களா? எப்போது?

ஏப்ரல் மாசமா? எங்கள் கேட்டுக்கு வந்தீங்களா?

அந்த... பச்சைச் சேலை, கையில் வாளியோடு? அது நீங்களா? வேலைக்காரி வந்து, யாரோ மாவுக்காரம்மா நிற்கிறாங்க என்றாள். மாவு வேண்டாம், போகச் சொல் என்றேன். வீட்டில் அன்றைக்கு மாவு இருந்தது. நீங்க காளி அம்மா என்று சொல்லியிருக்கலாம் இல்லையா? பெயரைச் சொல்லாமல் வெயிலில் நின்றுவிட்டுப் போனால் உள்ளே இருக்கிறவளுக்கு எப்படித் தெரியும்? இதற்கும் நானா பொறுப்பு?

சரி. விடுங்க. காபி... சரி, பாதி டம்ளர் கொடுங்க. சர்க்கரை குறைவாக.

நான் சொல்ல வந்தது மேட்சுகளைப் பற்றி. காளி இல்லாமல் முதல் மேட்ச். மே மாசம், நம் ஊர்க் கோடைக் கோப்பை, முனிசிபல் ஸ்கூல் கிரவுண்டில். எழுபத்தெட்டு பாயிண்ட் போட்டோம். எழுபத்தெட்டு! கிளப் தொடங்கி அவ்வளவு போட்டதே இல்லை. நோட்டில் பக்கம் பத்தவில்லை. அதில் தோற்றோம். அவர்கள் தொண்ணூற்று ஒன்று. இரண்டாவது மேட்ச், எண்பத்து மூன்று, ஜெயித்தோம். அவர்கள் எண்பத்தொன்று. ஜெயித்த மேட்சிலும் தோற்ற மாதிரிதான் வெளியே வந்தோம். பந்து நம் கையில் இருக்கும் வரைக்கும் ஐந்து பேரும் ராணிகள். பந்து கை மாறினதும் ஐந்து பேரும் விருந்தாளிகள்.

நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். நம் ரிங்கில் அவர்கள் பாஸ்கெட் போட்டதும் விஷாலினி கையை விரிப்பாள், “உன் ஆளு.” நிவ்யா கையை விரிப்பாள், “என் ஆளு இல்ல, இவளோட ஆளு.” மதுரைக்காரி இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்ப்பார்கள். அந்த ஆளோ போட்டுவிட்டுத் திரும்பிப் போய்க்கொண்டே இருப்பாள். கோர்ட்டில் ஒரு சத்தம் கிடையாது. பந்து வேண்டும் என்றால் மட்டும் “எனக்கு, எனக்கு!” மற்ற நேரம் அஞ்சு பேர் ஆடுகிற இடம் மாதிரியே இல்லை. பரீட்சை ஹால் மாதிரி இருக்கும். ஒருத்தி மற்றவளிடம் ஒரு வார்த்தை பேசினால் என்ன? வாயில் என்ன கொழுக்கட்டையா? எனக்குக் கோபம் கோபமாக வரும்.

இதில் அந்தப் பாத்திரக்கடைக்காரர் வேறு. மேட்டுத்தெருக்காரர். நீங்க பார்த்திருப்பீங்க, மைக் பக்கத்தில் பாத்திரங்களை அடுக்கிவைத்து உட்கார்ந்திருப்பார். தூரத்திலிருந்து யாராவது த்ரீ பாயிண்ட் போட்டால் உடனே மைக்கில், “கோட்டை கிளப் ஆறாம் நம்பர் வீராங்கனைக்கு எவர்சில்வர் தூக்குவாளி ஒன்று!” என்று அறிவிப்பார்கள். கூட்டம் விசிலடிக்கும். இந்தப் பெண்களுக்கு அதற்கப்புறம் கால் பின்னால் வருமா? போட்டுவிட்டு, எதிராளி எங்கே ஓடுகிறாள் என்று பார்க்காமல், மைக் என்ன சொல்கிறது என்று அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். வாளிக்கு ஆசைப்பட்டு இல்லை. பெயரைச் சொல்வதைக் கேட்க. தடுத்தவளுக்கு யாராவது ஒரு ஸ்பூன் கொடுத்தது உண்டா? கொடுக்க மாட்டார்கள். அது உலக வழக்கம்.

எங்கள் பரணில் ஷெரின் வாங்கின வாளி பதினாலு இருக்கிறது. இருந்தது. இரண்டு மூன்றைக் காணவில்லை, வேலைக்காரியைத்தான் சந்தேகப்பட்டேன்.

இதோ, இந்த மாவு வைத்திருக்கிறீங்களே, இது அதே மாதிரி வாளிதான். கொஞ்சம் கொடுங்க பார்க்கலாம். ‘கோடைக் கோப்பை’ என்று வெட்டியிருக்கிறதே. இது ஷெரினுடையது. இங்கே எப்படி வந்தது? பெயர்... காளீஸ்வரி.

கடைக்காரர் பெயரைத் தப்பாக வெட்டிவிட்டாரா?

ஷெரினே சொல்லி வெட்டினாளா. எத்தனை? அதுவும் இதுவுமா. அந்தப் பெரியதுமா.

என் மகள் போட்ட பாஸ்கெட்டுக்குக் கொடுத்த வாளியில் உங்க மகள் பெயரை வெட்டியிருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வைத்துக்கொள்ளுங்க. எனக்கு வாளி பஞ்சமில்லை. ஆனால் இதற்கு என்ன அர்த்தம்? என்னை என்னவென்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்?

இப்போது புரிகிறது. ஜூன் மாசத்திலிருந்தே அவள் சரியில்லை. ஆட்டம் மாறிப் போயிற்று. நோட்டைப் பார்த்தால் தெரியும். இருபத்து நாலு, இருபத்திரண்டு, அப்புறம் திடீரென்று ஒன்பது, எட்டு, ஆறு. ஆறு! உடம்பு சரியில்லையா என்று டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. காலையில் ஐந்தரைக்கே கிளம்பிப் போகிறாளே, கிரவுண்டு ஆறரைக்குத்தானே என்று ஒரு நாள் ஆட்டோ பிடித்துப் பின்னாலேயே வந்தேன். உங்க தெருவில் கொண்டுவந்து விட்டது.

முனையிலிருந்து பார்த்தேன். காளி மில் யூனிஃபார்மில். என் மகள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு. பந்தே இல்லை. இரண்டு பேரும் முழங்காலை மடக்கிக்கொண்டு, நண்டு மாதிரி பக்கவாட்டில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும். காளி கத்துகிறாள், “காலைப் பார்க்காத, இடுப்பைப் பாரு! இடுப்பு பொய் சொல்லாது!” தெருவில் பால்காரர் நின்று வேடிக்கை பார்க்கிறார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆட்டோவைத் திருப்பச் சொன்னேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். “நீ என்ன ஆயாவாடி, அடுத்தவ பின்னாடியே ஓடறதுக்கு?”

“பின்னாடி இல்லம்மா. முன்னாடி. அவ மூஞ்சிக்கு முன்னாடி” என்றாள்.

எதிர்த்துப் பேசவும் இங்கேதான் கற்றுக்கொண்டாள் போல. “இப்படியே போனா செலக்ஷன்காரங்க உன் பேரைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க” என்றேன். “சரிம்மா” என்றாள். அந்த ‘சரிம்மா’ இருக்கிறதே, அறைவதைவிட மோசம்.

போன வாரத்து ஃபைனலுக்கு வருகிறேன், அது வேறு கோப்பை. நீங்க வரவில்லை, காளிக்கு அன்றைக்கு ஷிஃப்ட். தூத்துக்குடி டீம். அதில் பதினொன்றாம் நம்பர் என்று ஒரு பெண், டோர்னமெண்ட் முழுக்க மேட்சுக்கு இருபத்தைந்துக்குக் குறையாமல் போட்டவள். அவளை ஷெரின் பிடித்தாள். பிடித்தாள் என்றால் எப்படி? மூச்சு விட விடவில்லை. அவள் தண்ணீர் குடிக்கப் போனால்கூட இவள் போய்விடுவாள் போல இருந்தது. கடைசி குவார்ட்டர் வரைக்கும் அந்தப் பெண் போட்டது நாலே நாலு. கூட்டத்துக்கு அது தெரியவில்லை. அவர்கள் நிவ்யாவுக்கு விசிலடித்துக்கொண்டிருந்தார்கள். நிவ்யா முப்பத்தொன்று. எனக்கும் என் நோட்டுதான் கண்ணில் நின்றது. ஷெரின், ஆறு. எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் செலக்ஷன் கமிட்டி மூன்று பேர். அவர்கள் முன்னால் என் மகள், ஆறு.

பதினொரு செகண்டு பாக்கி. நாம் அறுபத்தாறு, அவர்கள் அறுபத்தைந்து. பந்து அவர்கள் கையில். நடுவில் ஒருத்தி தட்டிக்கொண்டு வருகிறாள், நிவ்யா அவளிடமிருந்து பறிக்கக் கையை நீட்டிவிட்டாள். பறித்துவிட்டாள் என்றே நினைத்தேன். யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். பறித்தால் அந்தப் பக்க ரிங் காலி, முன்னால் ஓடுகிறவளுக்குப் பந்து வரும், கடைசி பாஸ்கெட், கமிட்டி கண் முன்னால். ஒரு தாய்க்குத் தோன்றாதா? எழுந்து நின்று, “ஷெரின்! முன்னாடி ஓடு! ஓடு!” என்று சொன்னேன். சொன்னேன், அவ்வளவுதான். கத்தவில்லை.

ஓடினாள். இரண்டே எட்டுதான் வைத்திருப்பாள். நிவ்யா கையில் பந்து வரவில்லை. அது பதினொன்றாம் நம்பரிடம் போயிற்று. அவள் ரிங்குக்குக் கீழே தனியாக நின்றுகொண்டிருந்தாள். சாயங்காலம் முழுக்க முதல் தடவையாகத் தனியாக. அவளுக்கே நம்ப முடியவில்லை, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். அப்புறம் போட்டாள்.

அறுபத்தாறு, அறுபத்தேழு.

இப்போது சொல்லுங்க, யார் பேரில் தப்பு? பந்தைப் பறிக்கப் போய் விட்டது நிவ்யா. கீழே நின்று மறைத்திருக்க வேண்டியது ஆறடி விஷாலினி. அவள் எங்கே நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. பின்னால் ஆள் இருக்கிறாள், போகாதே என்று ஒருத்தியாவது ஷெரினுக்குச் சொன்னாளா? ஒருத்தி வாயைத் திறக்கவில்லை பஞ்சவர்ணம். ஐந்து நட்சத்திரம், ஒரு வாய் இல்லை.

நாலு நாள் கழித்து கடிதம் வந்தது. ஐந்து பேரில் என் மகளுக்கு மட்டும். எனக்குத் தெரியும், பழைய ஆட்டத்தை எல்லாம் பார்த்திருப்பார்கள், அந்த இருபத்து நாலு, இருபத்திரண்டு எல்லாம் வீண் போகாது. மகாதேவன் சார் என்னவோ வேறு மாதிரி சொல்கிறார். “கமிட்டியில கேட்டேன் மேடம். பதினொன்றை நாலுல நிறுத்தினது யாரு, அந்தப் பிள்ளை வேணும்னாங்க” என்கிறார். அவர் எப்போதும் அப்படித்தான், எதையாவது சொல்லிக்கொண்டிருப்பார்.

முப்பத்தொன்று போட்ட நிவ்யாவுக்குக் கடிதம் வரவில்லை. கிருபாவுக்கு வயிற்றெரிச்சல். அதுதான் காலையில் வந்து உட்கார்ந்து, “ஷெரின்தான் ஆளை விட்டுட்டா, அவ விட்ட ஆளுதான்...” என்று ஆரம்பித்தது. நான் என் மகளுக்காகத்தானே சண்டை போட்டேன்? அவள் ரூமிலிருந்து வந்து என் பக்கத்தில் நிற்க வேண்டாமா?

கிருபாவைப் பார்த்து, “ஆமா ஆன்ட்டி, நான்தான் விட்டேன். அம்மா சத்தம் கேட்டுச்சு, ஓடிட்டேன்” என்றாள்.

ஆயிரம் பேர் கத்துகிற கிரவுண்டில், விசில், மைக், தவில் வேறு, அதில் என் குரல் மட்டும் அவளுக்குத் தனியாகக் கேட்டதாம். நம்புகிற மாதிரியா இருக்கிறது? “ஏண்டி, நான் சொன்னா நீ ஓடணுமா? உனக்குப் புத்தி இல்லையா?” என்றேன். “பத்து வயசுலேருந்து உன் சத்தத்துக்குத்தாம்மா ஓடறேன்” என்றாள். கிருபா முன்னால். அந்தக் கிருபா முன்னால்!

அப்புறம் கடிதத்தை எடுத்து டேபிளில் வைத்தாள். “இது காளியோட இடம். அவ சொல்லிக் கொடுத்ததைத்தான் நான் ஆடினேன். அவ மில்லுல நிக்கறா, நான் போய்க் கையெழுத்துப் போடணுமா?” என்றாள். பையை எடுத்தாள். வந்துவிட்டாள்.

இடத்தை இப்படி மாற்றிக் கொடுக்க முடியுமா? சினிமா டிக்கெட்டா இது? அவள் போகாவிட்டால் காளியைக் கூப்பிடப் போகிறார்களா? யாரோ சேலத்துப் பெண்ணைக் கூப்பிடுவார்கள். இரண்டு பேருக்கும் இல்லாமல் போகும். இதை நீங்க அவளுக்குச் சொல்லலாம். உங்க பேச்சைக் கேட்பாள் போல இருக்கிறதே. சொல்லுங்க. நான் ஸ்டூலை விட்டு எழுந்திருக்க மாட்டேன், நீங்களே கதவைத் தட்டிச் சொல்லுங்க.

மணி ஐந்தரை ஆகப் போகிறது. நீங்க மாவைப் பையில் போட்டுக்கொண்டே இருக்கிறீங்க.

யாரு அது? காளியா? வாம்மா. நல்லா இருக்கியா? இளைத்துவிட்டாய். தலையெல்லாம் பஞ்சு. இப்படித் திரும்பு, எடுத்துவிடுகிறேன். சரி, வேண்டாம்.

காளி, நீயே சொல்லு. நீ புத்திசாலிப் பெண். சாரிடம் உனக்காகப் பேசப்போகிறேன். அடுத்த சீசன் லிஸ்ட்டில் பன்னிரண்டாவது இடம் உனக்குத்தான், பெஞ்சில். ஆட விடுவார்கள் என்று வாக்குக் கொடுக்க முடியாது, ஆனால் லெட்டர் வரும். காலேஜுக்கும் நான் வந்து பேசுகிறேன், அந்தப் பிரின்சிபால் எனக்கு ஸ்கூல் சீனியர். பதிலுக்கு நீ ஒன்று மட்டும் செய். உள்ளே போய் அவளிடம்...

என்ன சொன்னே? சத்தமாகச் சொல்லு, கிரைண்டர் ஓடுகிறது.

“மத்தியானமே போன்ல சொல்லிட்டேம்மா, போகச் சொல்லி. மூணு தடவ சொன்னேன். அவதான் கேக்க மாட்டேங்குறா.”

மூன்று தடவையா. சரி, நாலாவது தடவை சொல்லு. நேரில் சொல்லு. போ, முகம் கழுவிவிட்டுப் போ.

கதவைத் திறந்தாள். என் மகள்தான் திறந்தாள், கை தெரிந்தது. மூடிவிட்டார்கள்.

பேசுகிறார்கள். கேட்கிறதா உங்களுக்கு? இரண்டு பேரும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். என்ன பேசுகிறார்கள் என்று விளங்கவில்லை. கிரைண்டரை நிறுத்துங்க பஞ்சவர்ணம், ஒரு நிமிஷம். நிறுத்திவிட்டீங்களா? நல்லது.

இப்போது பேச்சையும் நிறுத்திவிட்டார்கள்.

ஷெரின். அம்மாதான். உன் பையைக் கொடு, நானே தூக்குகிறேன். இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது, ஆட்டோ முனையில் நிற்கிறது. காலையில் கிளம்பும்போது அந்தப் பாயிண்ட் நோட்டைக் கிழித்துப் போடச் சொன்னாயே, கிழித்துவிடுகிறேன். போதுமா? ஷெரின்?

சரி, கேம்ப் வேண்டாம். போனால் போகட்டும். சாரிடம் சொல்லி, காய்ச்சல் என்று ஒரு டாக்டர் சர்டிஃபிகேட் வாங்கி, இரண்டு நாள் தள்ளி... இல்லை. இல்லைம்மா, அதைப் பேசவில்லை. பேசமாட்டேன்.

மணி ஆறேகால் ஆகிவிட்டது. பஸ் இந்நேரம் பாலத்தைத் தாண்டியிருக்கும். இனி அவசரம் ஒன்றுமில்லை. திட்டுவது என்றால் திட்டு. போ என்றால் போ என்று சொல்லு, போய்விடுகிறேன். ஏதாவது ஒன்று சொல்லு. இப்படி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் இந்தப் பக்கம் நிற்கிறவளுக்கு என்னவென்று தெரியும்?

பஞ்சவர்ணம், நீங்களாவது.

காளி? நீ உள்ளேதானே இருக்கிறாய். நீ கத்தினால் அவள் கேட்பாள். எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் கத்து, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அவளை ஒரு வார்த்தை பேசச் சொல்லும்மா.